மாமா பேசிய இலக்கணம்

பழுத்த மாம்பழமும் ஈர வைக்கோலும் சேர்ந்து வெயிலில் புளிக்கும் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்கு ஆங்கில இலக்கணம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சிரிக்காதீர்கள். அறுபதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரியில் என் தாய்மாமா நடத்திய மாங்காய் மண்டியில், முழங்கால் வரை வைக்கோலில் நின்று காய் பிரித்தபடியே என் அக்கா லூர்து, 'இஃப்' என்ற ஒரு சின்னச் சொல்லோடு ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டினாள். பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எட்டு வயதுக்காரி நான்.

அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் அவளுக்கு ஆங்கிலம் மட்டும் போய்விட்டது. அப்பா இறந்தபின் எங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாமா ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னார்: "அக்டோபர்ல பாஸ் பண்ணா நர்சு படிப்புக்கு அனுப்பறன். மறுபடி கோட்ட வுட்டன்னா பொங்கல் கழிச்சிக் கல்யாணம்." மாப்பிள்ளைக்குப் பாரூரில் கரும்புத் தோட்டம். அக்கா அவரைப் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

அவளைக் கவிழ்த்தது நிபந்தனை வாக்கியம். தமிழில் வினையின் வாலில் ஓர் 'ஆல்' ஒட்டினால் வேலை முடிந்தது. ஆங்கிலத்திலோ நடக்கக்கூடியதற்கு ஒரு வடிவம், வெறும் கனவுக்கு ஒரு வடிவம், நடக்காமலே கைவிட்டுப் போனதற்கு இன்னொன்று. அக்கா 'இஃப்' இருக்கும் பாதியிலும் 'வில்' போட்டுத் தொலைத்திருந்தாள். பனி பெய்தால் குடை பிடிப்பதும் ராஜாவானால் அரண்மனை கட்டுவதுமாகப் புத்தகத்தில் கிடந்த உதாரணங்கள் அவள் மண்டையில் தங்கவேயில்லை. ஒருநாள் மாமா வண்டிக்காரரை விரட்டுவதைக் கேட்டபடி நின்றவள், கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். எங்கள் வீடு முழுக்க அந்த வாக்கியங்கள்தானே.

"வாசல்ல நின்னன்னா கால ஒடச்சிடுவன்." "எதுத்துப் பேசனா நாக்க அறுத்துடுவன்." கோபம் முற்றினால் மாமா தெலுங்குக்குத் தாவுவார், அதையும் அவள் விடவில்லை. எல்லாம் ஆங்கிலமாகி, 'இஃப்' பக்கத்தில் 'வில்' வராமல், சொன்ன தேதியோடு நோட்டில் ஏறின. கைவிட்டுப் போனதைச் சொல்லும் மூன்றாம் வகைக்கு மாமாவிடம் சரக்கு இல்லை. போனதற்கு வருந்துகிறவர் அல்ல அவர். அதற்கு அம்மா இருந்தாள். மாங்காய்ப் பால் பட்டு நோட்டின் ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

பருவம் முடிந்து மண்டியைக் கூட்டும்போது வைக்கோலுக்கு அடியிலிருந்து அது மாமா கையில் சிக்கியது. ஆங்கிலம், அதுவும் ஒளித்துவைத்தது, காதல் கடிதமன்றி வேறென்ன? "பரீச்சையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்" என்றார்.

"யார்கிட்ட வேணா குடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்க மாமா" என்றாள் அக்கா.

ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோவில் வாசலில், நோட்டு கம்பவுண்டர் சின்னப்பனிடம் போனது. தங்கவயலில் வெள்ளைக்கார டாக்டரிடம் வேலை பார்த்தவர். எங்கள் தெருவுக்கு ஆங்கிலம் என்றால் அவர்தான். பத்துப் பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"வாசல்ல நின்னா உன் கால ஒடைப்பன்னு எழுதியிருக்குதுங்க."

மாமாவுக்கு மீசை துடித்தது. "எந்தப் பொறுக்கிடா அவன், எம் பொண்ண மெரட்டறவன்?"

"எதுத்துப் பேசனா நாக்க அறுப்பானாம்."

"பேரு போட்டிருக்கானா பாருய்யா."

மாமாவின் வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்கியோ கேட்ட கொரலாட்டம் இருக்குதே மொதலாளி."

அக்கா முன்னால் வந்தாள். "நீங்கதான் மாமா. தேதி போட்டிருக்குது பாருங்க."

சிரிப்பு கோவில் வாசல் முழுக்க உருண்டது. கம்பவுண்டரும் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டி வாசித்தார்: "நீ பையனாப் பொறந்திருந்தா பெங்களூருக்கு அனுப்பியிருப்பன்."

சிரிப்பு நின்றுபோனது. பெண்கள் பக்கமிருந்து அம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி நடந்து வந்தாள். கம்பவுண்டர் கையிலிருந்த நோட்டை வாங்கி அக்காவிடம் கொடுத்தாள். "இது நான் சொன்னது. பொண்ணாவே போவட்டும்" என்றாள், தன் அண்ணனைப் பார்க்காமல். மாமா செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். அது அவர் காலில்தான் இருந்தது.

அக்டோபரில் எழுதினாள், தேறினாள்.

இன்று அந்த மண்டி இல்லை, அங்கே கைபேசிக் கடை. மாமா இல்லை, நோட்டும் எந்த வீடு மாறும்போதோ தொலைந்தது. 'இஃப்' பக்கத்தில் 'வில்' போடும் பிள்ளைகளை இப்போது இயந்திரமே திருத்திவிடுகிறது. அந்தக் காலத்து வீடுகள் அன்பால் நிறைந்திருந்தன என்று என் வயதுக்காரர்கள் உருகி எழுதுகிறார்கள். எழுதட்டும். எங்கள் வீட்டு அன்பின் வாலில் எப்போதும் ஓர் 'ஆல்' தொங்கிக்கொண்டிருந்தது, அதை நான் இரண்டு காதாலும் கேட்டவள். அது ஒழிந்ததென்று யாராவது சொன்னால் சந்தோஷப்படத் தயார், ஏங்கத் தயாரில்லை.

நர்சு படிப்புக்காக அக்கா பெங்களூர் பஸ் ஏறிய காலையில் மாமாவும் வந்திருந்தார். டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக் கூரைமேல் ஏற்றினார். வண்டி உறுமத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினார்.

"அங்க ஏதாவது ஏடாகூடமா எங் காதுல வுழுந்துச்சின்னா..."

அக்கா மடியிலிருந்த நோட்டைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"முழுசாச் சொல்லுங்க மாமா, எழுதிக்கறன்."