டெல்மர் எல்லை தாண்டிப் பல் கட்டிய கதை

சக்கர வீடுகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் எங்கள் டிரெய்லர் பார்க்கில் ஆபத்துக்கு ஒரு முகம் உண்டு. அது டெல்மர் ஸ்கோகனின் முகம். நீண்ட மூக்கு, ஈரமான நீலக் கண்கள், வானிலையைச் சொன்னாலும் சாவுச் செய்தி சொல்வதுபோல் தாழ்ந்து வரும் குரல். நார்த் டகோட்டாவில் மைனாட் ஊருக்கு வெளியே ஒரு தானியக் கிடங்கை வாழ்நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டவர். தானியத் தூசு எந்த நிமிடமும் தீப்பிடிக்கும் என்று பயந்து பயந்தே ஓய்வுபெறும் வயது வரை வந்துவிட்டார். கிடங்கு ஒருநாளும் தீப்பிடிக்கவில்லை. தான் பயந்ததால்தான் பிடிக்கவில்லை என்பது அவர் கட்சி.

குளிர்காலம் தொடங்கியதும் வடக்கத்திப் பனிக்குத் தப்பி நாங்கள் எல்லோரும் தெற்கே யூமாவில் இருக்கும் இந்தப் பார்க்குக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் மெக்சிகோ எல்லை. காரை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே அல்கோடோனெஸ் ஊருக்குள் போகலாம். நாலு தெருதான் ஊர். ஆனால் அந்த நாலு தெருவிலும் பல் மருத்துவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்து மாடியிலிருந்து இன்னொருவர் சொத்தையை எண்ணிவிடுவார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கின் பொது மண்டபத்தில் டெல்மர் ஓர் உரை நிகழ்த்துவார். அந்தப் பக்கம் போகிறவர்கள் உயிரோடு திரும்புவது எப்படி என்பது பொருள். கைக்கடிகாரம் கூடாது. கைப்பேசி கூடாது. பாஸ்போர்ட் சாக்ஸுக்குள் இருக்க வேண்டும். திருடனிடம் கொடுப்பதற்கென்று ஒரு போலிப் பர்ஸ் வேண்டும். ஐஸ் போட்ட எதையும் குடிக்கக் கூடாது. எவனாவது சிரித்தால் பதிலுக்குச் சிரித்துவிடக் கூடாது. இத்தனையும் தெரிந்த டெல்மர் அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை.

நானோ வருஷா வருஷம் போகிறவள். அங்கே தெருநாய்கள்கூட என்னைக் கண்டால் எழுந்து வழிவிடும் என்று பார்க்கில் சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாய் எழுந்தது உண்மை. மற்ற நாய்கள் என் சேர்க்கை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் விருந்துக்கு நான் கடலை மிட்டாய் கிண்டினேன். என் கணவர் மில்டன் உயிரோடிருந்த காலத்தில் என் மிட்டாயைத் துண்டில் சுற்றி, வாசற்படியில் வைத்து, சுத்தியலால் தட்டித்தான் சாப்பிடுவார். டெல்மருக்கு இந்த முறை தெரியாது. மரியாதைக்கு ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மிட்டாய் அப்படியே இருந்தது. டெல்மரின் முன்பற்கள் இரண்டும் தட்டில் விழுந்தன.

வேறு ஒருவருக்கென்றால் அழகு போயிற்று என்று விட்டுவிடலாம். டெல்மர் டிரம்பெட் ஊதுகிறவர். உதட்டைத் தாங்க முன்பல் இல்லாவிட்டால் டிரம்பெட்டில் காற்றுதான் வரும். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஊதுகிறார். மனைவி ஆர்டிஸைச் சந்தித்ததும் அவர் ஊதிய ஒரு நடனத்தில்தான். ஆர்டிஸ் இறந்துபோன பிறகு அவர் வாயைத் திறந்தது இரண்டே காரியத்துக்கு: மற்றவர்களைப் பயமுறுத்த, சனிக்கிழமை நடனத்தில் வால்ட்ஸ் ஊத. என் மிட்டாய் அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. மிஞ்சிய காரியத்துக்கே அவர் நாள் முழுவதையும் செலவழிக்க ஆரம்பித்தபோது பார்க்கில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நடனத்துக்கு வாசிக்கும் குழுவின் தலைவர் ஹார்லன், அக்கார்டியன் வாசிப்பவர். நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமைக்குள் டெல்மர் வந்து உட்காராவிட்டால், அடுத்த பார்க்கிலிருந்து ஒரு சாக்ஸபோன்காரரை அந்த நாற்காலியில் நிரந்தரமாக உட்காரவைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். யூமாவில் பல் மருத்துவர்கள் ஏப்ரலுக்கு நேரம் கொடுத்தார்கள். கடைசியில் அந்தக் கடைசிச் சனிக்கிழமை காலையில், தூக்குமேடைக்குப் போகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு டெல்மர் என் கதவைத் தட்டினார். நான் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

“வெர்னா, பாஸ்போர்ட் எடுத்தியா?”

“எடுத்தேன்.”

“திறந்து பாத்தியா?”

“எத்தனை வருஷமா போறேன், டெல்மர். நான் கிளம்புறேன்னு தெரிஞ்சா அதுவே பையில ஏறி உக்காந்துக்கும்.”

அவர் சொன்னபடி கைப்பேசியையும் ஓட்டுநர் உரிமத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். காரும் அவருடையது, ஓட்டியதும் அவர்தான். பயந்தவரைத் திருப்திப்படுத்துவதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாக அப்போது நினைத்தேன்.

உள்ளே போகும்போது யாரும் எதையும் கேட்பதில்லை. ஒரு சுழல் கதவைத் தள்ளினால் மெக்சிகோ. டெல்மர் ஒற்றைக் காலில் நின்று சாக்ஸிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, காட்ட ஆளில்லாமல் சுவருக்குக் காட்டினார். பிறகு ஏமாற்றத்தோடு திரும்பவும் சாக்ஸில் செருகிக்கொண்டார்.

கதவைத் தாண்டினால் தெருவில் ஆள் பிடிப்பவர்கள் நிற்பார்கள். அவர்களில் எலெயுத்தேரியோ என்னை அறிந்தவன், நாற்பது வயதிருக்கும், மஞ்சள் தொப்பி. “பல்லா, கண்ணாடியா, மாத்திரையா ஐயா?” என்று டெல்மரைக் கேட்டான். டெல்மர் அவசரமாக வாயைக் கையால் மூடிக்கொண்டார். எலெயுத்தேரியோ, “பல்லுதான், வாங்க” என்று முன்னால் நடந்தான்.

டாக்டர் ஃபபியோலா அச்செடுத்துவிட்டு மதியத்துக்கு மேல் வரச் சொன்னார். வெளியே வந்து சதுக்கத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒருவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். டெல்மர் திரும்பிப் பார்த்தார், ஓட ஆரம்பித்தார். மூட்டுவலிக்காக அவர் படுக்கப் போகுமுன் தேய்க்கும் களிம்பின் வாடை பார்க் முழுக்க வரும். அந்த மனிதர் அன்று ஓடிய ஓட்டத்தில் சாலையோரக் கடைத் தொப்பிகள் பறந்து எல்லை தாண்டிப் போய் விழுந்தன என்று நான் சொல்வதுண்டு. ஒரு தொப்பி கீழே விழுந்தது உறுதி. கடைசியில் கம்பளிக் கடையில் அடுக்கியிருந்த போர்வைகளுக்குள் தலைகுப்புறப் போனார். துரத்தி வந்தது எலெயுத்தேரியோ. அவன் கையில் டெல்மரின் போலிப் பர்ஸ்.

“கிளினிக்ல விட்டுட்டீங்க ஐயா. உள்ள ஒண்ணுமில்ல, அட்டையை வெட்டி வெச்சிருக்கு. உங்களை எவனோ முன்னாடியே கவுத்துட்டான் போல. போலீஸ்ல சொல்லணுமா?”

டெல்மர் போர்வைக்குள்ளிருந்து, வேண்டாம், மன்னித்துவிட்டேன் என்றார். பறிகொடுத்த கிழவர் என்ற இரக்கத்தில் எலெயுத்தேரியோ ஓடிப்போய் அரிசியும் பட்டையும் அரைத்த குளிர்பானம் வாங்கி வந்து நீட்டினான். டம்ளர் நிறைய ஐஸ். டெல்மர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். குடித்தார். பிறகு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

மதியத்துக்கு மேல் டாக்டர் புதுப் பற்களை மாட்டிவிட்டுக் கண்ணாடியை நீட்டினார். டெல்மர் கண்ணாடியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து டிரம்பெட்டின் ஊதும் முனையை மட்டும் எடுத்து உதட்டில் வைத்து ஊதினார். முதலில் வாத்துச் சத்தம். அடுத்த நாற்காலிகளில் வாயைப் பிளந்து கிடந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கினார்கள். இரண்டாவது முறை ஊதியதும் சத்தம் திடமாக நின்றது. டெல்மரின் கண் கலங்கியது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நடனம் ஏழு மணிக்கு. எங்களுக்கு நிறைய நேரம் இருந்தது. திரும்பி வரும் வரிசைதான் நீளம், ஏனென்றால் திரும்பும்போது மட்டும்தான் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து வாசலை நெருங்கும்வரை டெல்மருக்கு நான் பாடம் நடத்திக்கொண்டே வந்தேன். பார்த்தாயா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தாய், அனுபவம் வேண்டும், என்னைப் பார் என்றெல்லாம். வாசலில் பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து விரித்தேன்.

உள்ளே மில்டன் முறைத்துக்கொண்டிருந்தார்.

இருவர் பாஸ்போர்ட்டும் ஒரே பிஸ்கெட் டப்பாவில் இருந்தன. அவர் போன பிறகு அவருடையதை எடுத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே நீல அட்டை. மெக்சிகோவில் என்னைத் தனியாக விட மில்டனுக்கு இன்னும் மனமில்லை என்ற அழகான எண்ணம் எனக்கு ஒரு வாரம் கழித்து வந்தது. அந்த இடத்தில் வாயில் வந்த சொல்லை இங்கே எழுத முடியாது.

டெல்மர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மீசை இல்லாம நீ மாட்டிக்குவ” என்றார்.

நான் வரிசையை விட்டு விலகினேன். நீ போ, நடனத்துக்கு நேரமாகிறது, எனக்கு ஏதாவது வழி பிறக்கும் என்றேன். டெல்மர் கையை நீட்டினார்.

“டிரெய்லர் சாவியக் குடு.”

“எதுக்கு?”

“உன்னோடத எடுத்துட்டு வர.”

“திரும்ப உள்ள வரணுமே, டெல்மர். தனியா.”

“தெரியும்” என்றார். புதுப் பற்களை நாக்கால் தடவிப் பார்த்தார். சாவியை இன்னொரு சாக்ஸில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பார்க்கிலிருந்து வேறு யாரையாவது அனுப்பலாமே என்று தோன்றும். அவர் பேச்சை நம்பியவர்கள் வர மாட்டார்கள். நம்பாதவர்கள் அவரோடு பேசுவதில்லை. ஆள் அவர் ஒருவர்தான்.

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்தது. இவ்வளவு காலம் அந்த ஊரைப் பற்றி நான் அளந்துவிட்ட கதைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கே ஞாபகம் வந்தன. கதையில் வந்த கொள்ளைக்காரர்களை நானே உண்டாக்கியவள், ஆனாலும் யாராவது பக்கத்தில் வந்தால் பையை இறுக்கிக்கொண்டேன். வந்தவர்கள் எல்லோரும் மயில் பொம்மை விற்றார்கள். எலெயுத்தேரியோ வந்து விஷயம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினான். அந்த ஐயா வருவாரா என்றான். வருவார் என்றேன். உள்ளுக்குள் கணக்கு வேறு மாதிரி ஓடியது. ஆறரை மணி. அவருக்கு நாற்காலி போய்விடும். பல்லை உடைத்தவள் நான், இப்போது நடனத்தையும் உடைத்தால்? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நேரே நடனத்துக்குத்தான் போயிருப்பேன்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் சுழல் கதவு கிறீச்சிட்டது. டெல்மர் வந்தார். ஒரு கையில் டிரம்பெட் பெட்டி. காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். அடித்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்தேவிட்டேன். சாக்ஸில் இரண்டு பாஸ்போர்ட், அவ்வளவுதான்.

எலெயுத்தேரியோ அவரைப் பார்த்துச் சிரித்தான். டெல்மர் பற்கள் தெரியப் பதிலுக்குச் சிரித்தார்.

“ஹார்லன் என்ன சொன்னாரு?” என்றேன்.

“சாக்ஸபோன்காரனை உக்கார வெச்சுக்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்.”

“அப்ப உன் நாற்காலி?”

“நீ இங்க இருக்கியே” என்றார், நான் ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டதுபோல.

வரிசை இன்னும் நீளமாக இருந்தது. பார்க்கில் நடனம் தொடங்கியிருக்கும் நேரம். டெல்மர் பெட்டியைத் திறந்தார். அதைக் கண்ட எலெயுத்தேரியோ ஒரு டாக்கோ சாப்பாட்டுக் கடைக்குள் போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டான். டெல்மர் உட்கார்ந்தார். முதல் ஸ்வரம் பசித்த ஆடு மாதிரி வந்தது. வரிசையில் ஒரு குழந்தை அழுதது. டாக்கோ கடை அம்மாள் எட்டிப் பார்த்து, ஐயாவுக்கு வயிற்றில் ஏதாவதா என்று விசாரித்தார். பிறகு வால்ட்ஸ் வந்தது. புதுப் பல்லுக்கிடையே கொஞ்சம் விசிலும் சேர்ந்து வந்தது. முன்னால் நின்ற, அயோவாவிலிருந்து வந்த ஒரு தம்பதி மருந்துப் பைகளைக் கீழே வைத்துவிட்டு ஆடினார்கள். எலெயுத்தேரியோ என்னைக் கூப்பிட்டான். நான் அவன் காலை மூன்று முறை மிதித்தேன். வரிசை நகரும்போதெல்லாம் நாற்காலியும் நகர்ந்தது.

வாசலில் இளம் அதிகாரி, கொண்டுபோவது என்ன என்று கேட்டார். “பல்லு” என்றார் டெல்மர். நான் முன்னால் போய் என் பாஸ்போர்ட்டை நீட்டி, நடந்த கதையை வேண்டிய அளவு சேர்த்துச் சொன்னேன். அதிகாரி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“வெறுங்கையோட வந்திருந்தாக்கூட விட்டிருப்போமே, மேடம். நீங்க நம்ம நாட்டு ஆள்தானே. உள்ள உக்கார வெச்சு நாலு கேள்வி கேட்டிருப்போம், சரிபார்த்துட்டு அனுப்பியிருப்போம். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.”

டெல்மர் என்னைப் பார்க்கவில்லை. கார்க் கதவைத் திறந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“வெர்னா.”

“சொல்லு.”

“யாரையாவது கேட்டிருக்கலாம்ல?”

“கேக்கத் தோணல. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாக்ஸபோன்காரர் அன்றைக்கு நன்றாக வாசித்துத் தொலைத்திருந்தார். நாற்காலி அவருக்கே போயிற்று. டெல்மர் கேட்கவில்லை, ஹார்லனும் கொடுக்கவில்லை.

இப்போது டெல்மர் வெள்ளிக்கிழமைகளில் எல்லைக்கு அந்தப் பக்கம் போகிறார். எலெயுத்தேரியோ நாற்காலி போட்டு வைக்கிறான். திரும்பும் வரிசை ஆமையாக ஊரும் நேரங்களில் ஊதுகிறார். ஆள் பிடிக்க எலெயுத்தேரியோவுக்கும் வசதி. ‘அந்தக் கிழவருக்குப் பல் கட்டிய டாக்டர் இங்கே’ என்று காட்டிவிடுகிறான். முந்தாநாள் ஒரு பெண்மணி டெல்மரோடு ஆட விரும்பினாராம். ஊதிக்கொண்டே எப்படி ஆடுவது என்று டெல்மர் என்னிடம் வந்து கவலைப்பட்டார்.

இந்த ஜனவரியும் பொது மண்டபத்தில் அவர் உரை இருந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கம் போய்வருவது பத்திரமா, போவதால் பிரயோஜனம் உண்டா என்று யாரோ கேட்டார்கள். டெல்மர் பழைய சாவுக் குரலிலேயே ஆரம்பித்தார். ஊரில் பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஐஸ் குடிக்கலாம், சிரித்தால் சிரிக்கலாம், போலிப் பர்ஸ் வேண்டாம், அது வீண் ஓட்டம். ஒரே ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் போதும் என்று சொல்லி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“வெர்னாவோட போறதா இருந்தா, அவ பாஸ்போர்ட்ட வாங்கி நீங்களே திறந்து பாருங்க. அப்புறம், அவ ஏதாவது தின்னக் குடுத்தா வாங்காதீங்க.”

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன். மடியில் கடலை மிட்டாய் டப்பா இருந்ததால் கொஞ்சம் மெதுவாக.