வெள்ளிமலைக்குப் போன நான்கு ஜாடிகள்

உடையும் சரக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் ஒரு பிழைப்புதான்; சரக்கு குலுங்கும்போதெல்லாம் நம் வயிறும் சேர்ந்து குலுங்கும். முட்டை, கண்ணாடி, விளக்குச் சிமினி என்று எதையாவது கேரியரில் வைத்து ஒரு மைலாவது மிதித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் என்னை நம்பிப் படியுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனிக்கு வெளியூர் ஆர்டர் பிடித்தவன் நான். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலைதான்.

கழற்றிய பிரேக்

எங்கள் பக்கம் தரை பலகை மாதிரி. கிழக்கே சேத்தியாத்தோப்பு வரை மிதித்தாலும் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலம் ஒன்றுதான் வரும். அதனால் சைக்கிளில் சரக்கு கொண்டுபோகிறவர்கள் முன் பிரேக்கைக் கழற்றிவிடுவது வழக்கம். ஹேண்டில்பாரில் மாதிரிக் கிண்ணங்கள் வைக்கும் கூடையைக் கட்ட அது இடைஞ்சல். பின் பிரேக் ஒன்று இருக்கும், அதுவும் இஷ்டப்பட்டால் பிடிக்கும்.

காதர் பாய் மங்கலம்பேட்டைக்காரர். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் கடை வைத்து, மலைக்காரர்களிடம் தேனும் புளியும் கடுக்காயும் வாங்கிக்கொண்டிருந்தார். தேன் ஊற்றி வைக்க நான்கு ஜாடி வேண்டும் என்று எழுதியிருந்தார். நல்லபடியாகச் சேர்ந்தால் வருஷம் முழுக்க ஆர்டர் வரும் என்று முதலாளி என்னைக் கிளப்பினார். புறப்படுவதற்கு முன் சைக்கிள் கடையில் நிறுத்தி, மலைக்குப் போகிறேனே, பிரேக்கைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று கேட்டேன். கடைக்காரர் பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தவர் இல்லை. நானும்தான். அவர் காற்றடித்துக்கொண்டே சொன்னார்: "பிரேக் எதுக்குங்க? காலைத் தரையில வச்சா வண்டி தானா நிக்குது."

காலை வைத்தேன்

நல்லூர் தாண்டி, சின்னசேலம் தாண்டி, மேற்கே மலை தெரிந்தபோது அதை மேகம் என்றுதான் நினைத்தேன். மிதிக்க மிதிக்க அது கலையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கச்சிராயபாளையத்தில் ஒரு சத்திரத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் மண் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். பாதி நாள் ஏறியும் எதிரே ஒரு வண்டி வரவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கோமுகி அணைத் தண்ணீர் ஒரு தட்டு அளவுக்குக் கிடந்தது. அதற்கப்பால் எங்கள் சமவெளி முழுவதும் மங்கலாகத் தெரிந்தது. சுற்றிலும் பச்சையாக மலை மேல் மலை. எனக்கு ஏனோ அழுகை வந்தது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று நெஞ்சு நிறைந்துபோய் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். அதுதான் தப்பு.

வெள்ளிமலைக்கு முன்னால் பாதை ஒரு முறை நன்றாக இறங்கும். இரண்டு சுற்று உருண்டதுமே சைக்கிள் என் பேச்சைக் கேட்கவில்லை. பின் பிரேக்கை அழுத்தினேன், கீச்சென்று கத்தியதோடு சரி. காலைத் தரையில் வைத்தேன். செருப்பு பிய்த்துக்கொண்டு போனது. பாதையோரப் பாறையில் இடது பக்கம் மோதி விழுந்தேன். கேரியருக்கு இரண்டு பக்கமும் கூடை தொங்கும், கூடைக்கு இரண்டு ஜாடி. எழுந்ததும் முழங்காலைக் கூடப் பார்க்காமல் வைக்கோலைப் பிரித்து ஒவ்வொரு ஜாடியையும் விரல் முட்டியால் தட்டினேன். நல்ல ஜாடி மணி மாதிரி சொல்லும். வலது கூடை ஜாடிகள் சொல்லின. இடது கூடை ஜாடிகள் கொஞ்சம் கம்மலாகச் சொன்னதுபோல இருந்தது. கண்ணுக்கு எந்தக் கீறலும் தெரியவில்லை. நம் காதுதான் அதிர்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புளி மூட்டையோடு வந்த ஒரு மலைக்காரர் என்னையும் சைக்கிளையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பின்னால தழை கட்டி இழுத்துக்கிட்டு வரலீங்களா சாமி? நாங்கல்லாம் அப்படித்தான் எறங்குவோம்."

ரோசம்மா

விழுந்ததைச் சொல்லாமல் நான்கு ஜாடியையும் பாய் கடையில் இறக்கிவிட்டு வந்தேன். ஒரு மாதத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு ஜாடியில் தேன் கசிகிறது, கடை முழுக்க எறும்பு என்று எழுதியிருந்தார். முதலாளிக்கு வியாபாரம் தெரியும், களிமண் தெரியாது. கசிந்தால் கிளேஸ் சரியில்லை என்பது அவர் கணக்கு. சுடுவதற்கு முன் ஜாடிக்குப் பூசுகிற அந்தப் பூச்சைப் போட்டவர் ரோசம்மா. புருஷன் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்ப்பவர். ஜாடிகளைத் திருப்பிக் கொண்டுவந்து பார்க்கும்வரை அவர் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் அங்கேயேதான் நின்றேன். விழுந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் கம்பெனியில் சரக்கை உடைத்து மறைத்தவனுக்கு வேலை இல்லை. எனக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பயந்துவிட்டேன். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் இல்லை. சாயங்காலம் சந்தைத் தெருவில் ரோசம்மா என்னை நிறுத்தினார். நான் குனிந்து சைக்கிள் செயினைப் பார்ப்பதுபோல நின்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, கட்டறப்ப நீங்கதானே தட்டிப் பாத்தீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

பாய் சொன்ன எச்சரிக்கை

மாற்று ஜாடி இரண்டோடு மறுபடி புறப்பட்டேன். இந்த முறை முன் பிரேக் மாட்டியிருந்தேன், இறக்கத்தில் தழையும் கட்டிக்கொண்டேன். ஒரு கட்டு விராலிக் கிளையைக் கயிற்றால் கேரியரில் கட்டிவிட்டால் அது மண்ணில் இழுபட்டு வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. மலை போன தடவை போலவே அழகாக இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

காதர் பாய் கசிந்த ஜாடிகளைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்துப் போனேன். அவரோ டீ வாங்கிக் கொடுத்து, தானே வைக்கோல் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினார். பூசின அம்மாவை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினார். "பாத்துக் கொண்டு போங்க தம்பி. வழியில ஒடைஞ்சிட்டா அப்புறம் யாரு தப்புன்னு யாருக்கும் தெரியாமலே போயிடும்."

அணை தெரிகிற வளைவு

அதைத்தான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு ஜாடியும் நொறுங்கினால் தட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. உடைந்த சரக்கைத்தானே உடைத்தாய் என்று முதலாளி திட்டோடு விட்டுவிடுவார். ரோசம்மாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைக்காமலா போகும் என்று கூட யோசித்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. அணை தெரிகிற வளைவில் சைக்கிளை நிறுத்தினேன். சுற்றிலும் ஆள் இல்லை. இறங்கி, தழைக்கட்டை அவிழ்த்துப் பள்ளத்தில் எறிந்தேன். பிரேக்கைத் தொடாமல் சைக்கிளை இறக்கத்தில் விட்டு, பக்கத்திலேயே நான்கு எட்டு ஓடினேன். பிறகு கையை எடுத்தேன்.

சைக்கிள் சாய்ந்தது. அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. வண்டி விழுந்தால் சரக்கைப் பிடி என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். பத்து வருஷம் அப்படியே விழுந்து எழுந்த உடம்பு, என்னைக் கேட்காமல் பாய்ந்து கூடையைக் கட்டிக்கொண்டது. சைக்கிள் என்மேல் விழுந்தது. முழங்கை இரண்டும் உரிந்து ரத்தம். ஜாடிகள் என் நெஞ்சோடு பத்திரமாக இருந்தன. கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினார்கள். ஒருத்தி என் கையைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒடம்பு கிழிஞ்சும் ஜாடியை விடலியே சாமி, அதுக்குள்ள யாரு இருக்கா?"

மை ஊற்றிய ஜாடி

கம்பெனியில் ஜாடிகளை மேஜைமேல் வைத்து நீல மை கலந்த தண்ணீரை ஊற்றினார்கள். ரோசம்மாவையும் கூப்பிட்டனுப்பியிருந்தார் முதலாளி. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஜாடியிலும் அடிப்பக்கம் ஒரு புள்ளியில் மை தெரிந்து, அங்கிருந்து மயிரிழை போலக் கோடுகள் ஓடின. பார்த்தாயா, கிளேஸ் வெடித்திருக்கிறது என்றார் முதலாளி. ரோசம்மா கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குப் பெரியவளுக்குக் காய்ச்சல், அந்த இடத்தில் மெலிசாகப் போட்டிருப்பேன் போல என்று தலைகுனிந்து சொன்னார்.

செய்யாத தப்பை அவர் ஒத்துக்கொண்டதும் நான் வாயைத் திறந்தேன். மோதின பாறை, பிய்ந்த செருப்பு, கம்மலாகக் கேட்ட சத்தம், வளைவில் கையை எடுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி என் முழங்கையைப் பார்த்தார். என்னை வெளியூர் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, ரோசம்மாவை அப்போதே உள்ளே போகச் சொன்னார். ரோசம்மா போய்க் கிளேஸ் தொட்டியின் முன் உட்கார்ந்து ஒரு ஜாடியைத் தூக்கினார், பிறகு கீழே வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார்: "இத்தினி நாளா இந்தக் கையைத்தாண்ணே திட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப அது வேலைக்கு வர மாட்டேங்குது."

அடுத்த ஒரு வருஷம் மலையும் இல்லை சைக்கிளும் இல்லை, மூலையில் உட்கார்ந்து ஜாடிகளைச் சுற்றிக் கட்ட வைக்கோல் பிரி முறுக்கினேன். இந்தத் தொழிலில் உடைத்தவனுக்கு எப்போதும் தண்டனை கொஞ்சம் குறைவுதான்.