இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இருபத்தெட்டு வருடம் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் ஓட்டியவன், புதுசாக ஒரு சத்தம் வந்தால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன், அதற்கு மேல் யோசிக்க மாட்டேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகளில் ஒன்றில்தான் நானும் தங்கை சாந்தியும் பிறந்தோம். அப்பா சீக்கிரமே போய்விட்டார், அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தாள். அந்த நாட்டில் டிவி வந்த புதிது, தோட்டத்துக் கிளாக்கர் வீட்டில் மட்டும் ஒன்று இருந்தது, சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க விடுவார். கடலுக்கடியில் வீடு கட்டி வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய ஜப்பான் பொம்மைப் படம் போடுவார்கள். பேச்சையெல்லாம் சிங்களத்தில் மாற்றியவர்கள் ஆரம்பப் பாட்டை மட்டும் ஜப்பான் மொழியிலேயே விட்டுவிட்டார்கள். சாந்திக்குப் பதினைந்து வயது. கதையை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது வரை தெரியும்.

அந்த வருடம் ஃபேக்டரியில் புது மெஷின் பூட்ட ஒரு ஜப்பான்காரர் வந்தார். சாந்தி பாதையில் பாடிக்கொண்டே தண்ணீர்க் குடத்தோடு போவதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் தன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதே பாடகியுடையது. முதல் பாட்டு அந்தப் படத்தின் பாட்டு, மற்ற ஒன்பதும் நாங்கள் கேட்டேயிராதவை. எங்களிடம் டேப்ரிக்கார்டர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிளாக்கர் வீட்டில் கெஞ்சிக் கேட்டுப் போடுவோம். போகப்போகப் படப் பாட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது, மற்றவை சலிக்கவே இல்லை. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு, வாத்தியம் எல்லாம் நின்றுபோய் அந்தப் பெண் மட்டும் தனியாக முடிப்பாள். அது முடிந்ததும் சாந்தி யாரையும் பேச விடமாட்டாள்.

பிறகு தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பியபோது எங்களுக்கும் இந்தியா பாஸ்போர்ட் வந்தது. கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். முகாமில் பதினோராவது நாள் சாந்திக்குக் காய்ச்சல் கண்டது. நாலே நாள். அங்கேயே மணலில் குழி தோண்டினோம். முதல் பிடி மண்ணை அம்மாதான் போட்டாள், போட்டவள் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

மலைமேல் அரவேணு பக்கம் ஒரு எஸ்டேட்டில் எனக்கு வேலை கிடைத்தது, பச்சைக் கதவு போட்ட லைன் வீடு ஒன்று கொடுத்தார்கள், கீழே ஓடை. அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். பேச்சில்லை, அழுகையில்லை, நான் ஊட்டினால் இரண்டு வாய், அதுவும் பாதி வெளியே வரும். கைகள் விறகுக் குச்சி மாதிரி ஆகிவிட்டன. எஸ்டேட் டாக்டர் பார்த்துவிட்டு, "இந்தம்மா ஒரு தடவை வாய்விட்டு அழுதுட்டா பொழைச்சுக்கும். இல்லாட்டி மழைக்காலம் தாண்டறது கஷ்டமுங்க" என்றார்.

அப்போதுதான் டிரங்குப் பெட்டியில் கிடந்த கேசட் ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டுகளைக் கேட்டால் மகள் நினைவு வந்து அழுவாள் என்று எண்ணினேன்.

டவுனுக்கு பஸ் ஏறி, காந்தலில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த காதர் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், ஒரு நாளைக்கு டேப்ரிக்கார்டர் தருகிறேன் என்றார், கேசட் பூஞ்சை பிடித்திருக்கும், முதலில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவரே போட்டார். பட்டப்பகல், பதினோரு மணி இருக்கும், கடை வாசலில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் சாந்தி பேசினாள்.

"அம்மா, குளிருதுங்கம்மா. ஊட்டுப் பச்சைக் கதவைத் தொறந்துக்கிட்டு ஓடைப் பக்கம் வாங்க. அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க."

அவ்வளவுதான். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

காதர் பாய் சாதாரணமாக, "ஏனுங்க தம்பி, நடுவால யாரோ பேசிப் பதிஞ்சுட்டாங்களாட்டம் இருக்குது?" என்றார். பிறகு கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னால ரெண்டு முனையும் ஒடிச்சிருக்குதே. இதுல பதிய முடியாதுங்களே."

முனை ஒடிந்த ஓட்டையில் காகிதம் அடைத்தால் பதியலாம் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மண்டபத்தைத் தாண்டாத பெண்ணுக்கு அரவேணு வீட்டின் கதவு நிறம் எப்படித் தெரியும்? நம்பினால் நம்புங்கள், அன்று எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான். பஸ்ஸில் அந்த டேப்ரிக்கார்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் போலக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது மூன்று மணி. மேகம் இறங்கி எதிர் லைன் தெரியவில்லை. அம்மா முன்னால் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டேன். அவள் முகம் அசையவில்லை. மூன்றாம் பாட்டு முடிந்தது. அந்தக் குரல் வந்தது, அதே வார்த்தைகள். நான் உடைந்துபோய் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதேன்.

"நிப்பாட்டு" என்றாள் அம்மா.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"அம்மா, நம்ம சாந்திம்மா!"

"அவ இல்ல."

"அவ குரல்தானேம்மா!"

"குரல் அவளோடது. பேசுறது அவ இல்லடா. எம்மவ என்னைய அம்மான்னு என்னைக்குக் கூப்புட்டா? நீதான் அம்மாங்குற, அவ ஆயின்னுதானே கூப்புடுவா. வாங்க போங்கன்னு என்னைக்குச் சொன்னா? இது இந்த ஊரு ஆளுங்க பேசுற பேச்சு. அவதான் இந்த ஊருக்கே வரலியே."

எனக்கு அது உறைக்கவே இல்லை. கோபம்தான் வந்தது. செத்துப் போன பிள்ளை திரும்பி வந்து கூப்பிடுகிறது, இவள் வார்த்தையில் குறை பிடிக்கிறாளே என்று. இன்னொரு தடவை கேள் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் சுற்றிப் பொத்தானை அமுக்கினேன். அந்தப் பெண் தனியாகப் பாடும் கடைசி வரிகள் ஓடின. முடிந்தது. இடைவெளி.

"ஆயி, குளிருது. ஓடைக்கு வா."

திருத்திக்கொண்டு பேசியது. அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுத் திருத்திக்கொண்டது. இதை இப்போது நிதானமாகச் சொல்கிறேன், அப்போது அந்த அறிவு எனக்கு இல்லை. பார்த்தாயா, ஆயி என்கிறாள் பார் என்று கத்திக்கொண்டே எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். வெளியே வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. ஓடைப் பாதை முந்தின மாத மழையில் சரிந்து விழுந்திருந்தது, பாதை இருந்த இடத்தில் நாற்பதடிப் பள்ளம், அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாசல் இறங்கினேன். அந்தப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது, அதில் சாந்தி தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம் இருந்தது.

பின்னாலிருந்து அம்மா என் சட்டையைப் பிடித்தாள். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவள், சட்டை கிழிகிற மாதிரி இழுத்தாள்.

"போவாத. அவ மண்டபத்துல இருக்கா. நான்தான்டா அவ மூஞ்சில மண்ணு போட்டேன். எங்கையால போட்டேன். அவ அங்கதான் இருக்கா."

சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். லைன் முழுக்க ஓடிவந்துவிட்டது. டாக்டர் சொன்ன அழுகை அதுதான். அழுது ஓய்ந்ததும் எழுந்து உள்ளே போய் அடுப்பு மூட்டி, கேசட்டைத் தீயில் போட்டாள். அது உருகிச் சுருங்கி நாற்றமடித்து அடங்கும் வரைக்கும் கூடவே நின்றாள். பிறகு சோறு கேட்டாள்.

மழைக்காலத்தைத் தாண்டினாள். அதற்குப் பிறகு பல வருடம் கொழுந்து எடுத்தாள், எனக்குக் கல்யாணம் செய்து வைத்தாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள். அந்த நாளைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

போன வருடம் படுக்கையில் கிடந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ரெண்டாவது தடவ அந்தப் பொட்டி எப்பிடிடா பேசுச்சு?"

"நான்தானேம்மா சுத்திப் போட்டேன்."

அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"கேசட்டு எம்மடியில இருந்துச்சேடா. நிப்பாட்டுன்னு சொன்னேன், நீ அழுதுக்கிட்டே கெடந்த. நானே நிப்பாட்டி உருவி எடுத்துட்டேன். நீ வெறும் பொட்டியத்தான் அமுக்குன."

மூன்று வாரத்தில் அம்மா போய்விட்டாள். பொத்தானை அமுக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே கேசட் இருக்கிறதா என்று பார்த்ததாக நினைவில்லை. குரலை விடுங்கள், பிரமை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரிகளை, அந்த ஜப்பான்காரப் பெண் வாத்தியமில்லாமல் பாடியதை, நானும் அம்மாவும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டோம்.