அப்பாவின் குரலுக்கு ஓய்வு

எட்டாவதோடு படிப்பை விட்ட நான், வளைகுடாவில் கேபிள் இழுத்துக் கற்றதை வைத்துக் குத்தாலம் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக ஓடவிட்டிருந்தேன். இறந்துபோன அப்பாவின் குரல் பதிவுகள் அதில் மட்டுமே இருந்தன. கத்தாரில் இருக்கும் தம்பி தினமும் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இன்டர்நெட் வழியாக அவற்றைக் கேட்பான்.

ஆயுத பூஜையன்று அம்மா அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தாள்.

"பழைய டிஸ்க்கும்மா. நின்னா மறுபடி சுத்தாது."

"உங்கப்பா கலப்பைக்கே இன்னிக்கு ஓய்வு குடுத்தவருடா. அவரு குரலுக்கு வேணாமா?"

தம்பி போனில் கேட்டான்: "அண்ணே, அப்பா ஏன் வரல?"

"நாளைக்கு வருவாரு."

மறுநாள் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, டிஸ்க் சுழலவில்லை. அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. தம்பியிடம் பூஜையைப் பற்றிப் பேசவில்லை. டிஸ்க் பழசு என்று மட்டும் சொன்னேன்.