ரிஸ்வானாவின் 'உள்ளேன் டீச்சர்'

இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. தென்னூரில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ரிஸ்வானா காதில் மெஷின் போட்டிருப்பாள். என் உதட்டசைவையும் பார்த்தால்தான் அவளுக்குப் புரியும். நானோ வருகைப் பதிவேட்டில் கவிழ்த்த தலையை நிமிர்த்தாமலே பெயர் கூப்பிடுகிறவள். அவளைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று, அவள் பெயரை மட்டும் கூப்பிடாமல் வந்ததாகக் குறித்துவிடுவேன். அதை நல்ல மனசு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்த அம்மா தயங்கியபடி சொன்னார்.

"அவ பேர மட்டும் நீங்க கூப்பிடறதில்லையாமே டீச்சர். வீட்டுல தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லிப் பாக்குறா. ஒரு நாளாவது கூப்பிடுங்க."

மறுநாள் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். துள்ளி எழுந்தாள். அவளுடைய "உள்ளேன் டீச்சர்" பக்கத்து வகுப்புவரை கேட்டிருக்கும். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அதற்குமேல் தலையைக் கவிழ்க்க மனம் வரவில்லை. அடுத்த பெயரையும் நிமிர்ந்தே கூப்பிட்டேன். எழுந்து நின்ற குழந்தைக்கு முன்பற்கள் இரண்டும் இல்லை. எப்போது விழுந்தன என்று எனக்குத் தெரியவில்லை.