அப்பாவு மாஸ்டரின் முதுகு

அப்பாவு மாஸ்டர் இறந்தபோது எங்கள் சங்கத்தார் இரங்கல் கூட்டம் போட்டார்கள். "இசைக்காகவே வாழ்ந்தவர்" என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை வாழவிட்ட லட்சணம் எனக்குத் தெரியும்.

அவர் புளியந்தோப்புக்காரர். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டர். அங்கிருந்த பாண்டில் கிளாரினெட் வாசித்து, தாளில் எழுதிய நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல ஒரு குழுவையே நடத்தும் அளவுக்கு வந்தவர். ராயபுரத்தில் தெற்கத்திக் கிறிஸ்தவ வியாபாரிகள் வைத்திருந்த சங்கத்தில் வாலிபர் வாத்தியக் குழு ஒன்று இருந்தது. அதற்கு அவர்தான் மாஸ்டர். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, நன்றாகத் தேறியவர்களுக்குப் பெரிய குழு. நான் பெரிய குழுவில் முதல் பிடில். என் அப்பா வெள்ளத்துரை கருப்பட்டி மொத்த வியாபாரி, சங்கத்தின் தலைவர்.

மாஸ்டருக்கு வாய் நீளம். "இன்னா நைனா, தூங்கிகினே ஊதுறியா? வூட்டாண்ட போய்த் தூங்கு" என்பார். யாரையும் விடமாட்டார், தலைவர் மகள் என்று என்னையும் விட்டதில்லை. ஆனால் பிடிவாதமாக உட்காரவைத்து மூன்று பாகமுள்ள பெரிய உருப்படி ஒன்றை எங்கள் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். சங்கத்தின் முப்பத்தோராம் ஆண்டு விழாவில் அதை மேடையேற்ற வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. அதுவரை எங்களை ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும்தான் விட்டிருந்தார்கள், மேடையில் உட்கார்ந்து வாசித்ததே இல்லை.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் ஒத்திகை பார்க்க அப்பா கமிட்டியோடு வந்தார். மாஸ்டர் எங்களைப் பார்த்து நின்று, யார் எப்போது நுழைவதென்று கையசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். முதுகு சபை உட்காரும் நாற்காலிகள் பக்கம் இருந்தது. அப்பா பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"நாளைக்கு ஐகோர்ட்டு ஜட்ஜு வந்து உக்காருவாரு. பெரியவங்க சபையில இவன் முதுகக் காட்டிக்கிட்டு நிப்பானா? மருவாதின்னு ஒண்ணு கெடயாதா?"

சபைக்கு முதுகு காட்டக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் ஊறிப்போன பழக்கம். பெரியவர்கள் முன்னாலிருந்து போவதென்றால்கூட இரண்டு அடி பின்னால் நடந்துதான் திரும்புவோம். அது எனக்கும் தெரியும். ஆனால் போன கிறிஸ்துமசுக்கு இதே மண்டபத்தில் ஒரு வெள்ளைக்கார பாண்டு மாஸ்டர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். முடிந்ததும் அப்பா ஓடிப்போய் அவருக்கு மாலை போட்டார். அதை அந்த இடத்திலேயே கேட்டேன்.

"அந்தத் தொர வேற, இவன் வேற. நீ சும்மா இருட்டி" என்றார் அப்பா.

மாஸ்டர் அமைதியாகத்தான் சொன்னார். "முதுவப் பாக்காதீங்க ஐயா. கண்ண மூடிகினு காதால கேளுங்க."

கமிட்டி கேட்கவில்லை. மேடையின் இடது ஓரத்தில், தூணை ஒட்டி, சபையைப் பார்த்தபடி நின்று கையசைத்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் முணுமுணுத்தோம். மாஸ்டர் மட்டும், "கை தெரிஞ்சா போதும்மா, வாசிச்சிடலாம்" என்றார். அந்த மேடைக்காக எதையும் விழுங்கத் தயாராக இருந்தார்.

கை தெரியவில்லை. மறுநாள் ஜட்ஜு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, கார்னெட் ஊதுகிறவர்களுக்குத் தூண் மறைத்தது. அவர்கள் பிந்தி நுழைந்தார்கள், தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய பிடில்காரன் முந்திப் போனான், முதல் பாகம் சந்தைக்கடை ஆகிவிட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா ஜட்ஜிடம் குனிந்து, "ரயில்வே கூலிதானே, அவ்வளவுதான் வரும்" என்றது மேடைவரை கேட்டது. மாஸ்டர் கையை இறக்கிவிட்டார். கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி குப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சபைக்கு முதுகு, பின்சுவருக்கு முகம்.

"மாஸ்டர், அந்தச் செவத்தாண்ட போய் நில்லுங்க."

கார்னெட் ஜெயவேல் தன் நாற்காலியைத் திருப்பினான். பிறகு மேடை முழுக்க நாற்காலி இழுபடும் சத்தம். மாஸ்டர் எங்களைக் கடந்து பின்சுவரிடம் போய், சபையைப் பார்த்து நின்றார். கமிட்டி சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்தார். முதுகு காட்டியது நாங்கள்தான், ஒருவர் பாக்கியில்லாமல்.

முதலிலிருந்து வாசித்தோம். அவர் கை எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் தவறவில்லை. எங்களுக்கென்று அவர் வைத்திருந்த முறைப்பு, உதட்டுக் கடிப்பு, "இன்னாடா" என்கிற அந்தப் புருவம் எல்லாம் அன்றைக்கு எங்கள் தலைக்கு மேலாக முன்வரிசையில் போய் விழுந்தன. அவர் முதுகைத் தாங்காதவர்கள் முகத்தை எப்படித் தாங்குவார்கள்? அப்பா பாதியில் எழுந்து போனார் என்று பிறகு குப்பம்மா சொன்னாள். ஜட்ஜு கடைசிவரை இருந்து கைதட்டிவிட்டுப் போனாராம்.

மாஸ்டர் எங்களைப் பாராட்டவில்லை. "மூணாவது பாகத்துல கோவத்துல ஓடிட்டீங்க. கோவம் வந்தா இன்னும் நிதானமா வாசிக்கணும்" என்று திட்டிவிட்டுக் குப்பம்மாவோடு நடந்து போனார்.

மறுநாளே சங்கத்தில் வாத்தியங்களைப் பூட்டிவிட்டார்கள். குழு அதோடு தீர்ந்தது. அவருக்கு வேறு யாரும் மேடை கொடுக்கவில்லை, ராயபுரத்தில் என் அப்பா பேச்சை மீறி யார் கொடுப்பார்கள்? சாகும்வரை பிட்டராகவே இருந்தார்.

பூட்டிவிட்டு வந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அத்தன பேரு முன்னால யாருக்குட்டி முதுகக் காட்டுன?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.