விறாந்தைக்குப் போன கதிரை

நான்கு தடவை அந்தப் பெண்ணின் கைக்கு மருந்து கட்டினேன். நான்கு தடவையும் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கர்த்தர் செய்ததைச் சொல்லுமுன் நான் செய்யாததைச் சொல்லிவிட வேண்டும்.

நான் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறைக்குப் பொறுப்பான தாதி. வயது ஐம்பத்திரண்டு. பயிற்சிக் காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். நோயாளியின் பெயரை எழுதுவதில்லை. காயம், கட்டிய மருந்து, திரும்பி வர வேண்டிய நாள், இவ்வளவையும் எழுதுவேன். ஒரு நாளும் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெண்ணை மலர் என்று அழைக்கிறேன். அது அவளுடைய பெயர் அல்ல. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். “பேரையும் ஊரையும் விட்டுட்டு எழுதுங்க மிஸ்” என்றாள்.

மலர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து இங்குள்ள கருவாட்டு வாடிக்கு, மீன் காயவைக்கும் கடற்கரைக் கொட்டகை ஒன்றுக்கு, வேலைக்கு வந்தவள். வயது இருபத்து நான்கு. மீன் வெட்டி உப்பிடுவது அவளுடைய வேலை. முதன்முறை வந்தது நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய திருவருகைக் காலத்தில். விரல்களில் கத்திக் காயங்கள், அவற்றுக்குள் உப்பு ஏறிப் புண்ணாகியிருந்தன. வாடி முதலாளியின் மனைவிதான் ஒவ்வொரு முறையும் கூட்டி வந்தார். சிரித்துக் கதைப்பவர். அறைக்குள் வந்ததும் கதிரையில் இருந்துகொள்வார். மலர் நிற்பாள்.

அதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். கூட வந்தவர் கதிரையில் இருந்து என்ன நோய், என்ன வருத்தம் என்று சொல்வார், நோயாளி சும்மா நிற்பார். டொக்டருக்குச் சிங்களம் மட்டும் தெரிந்தால், சிங்களம் தெரிந்த ஒருவர் மூன்று பேருடைய வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். வேலையும் விரைவாக முடியும்.

மருத்துவ மாணவர்கள் இரண்டு வாரப் பயிற்சிக்கு எங்களிடம் வருவார்கள். இம்முறை தவக்காலத்தின் முதல் வாரத்தில் வந்தார்கள். அவர்களோடு வந்த விரிவுரையாளர், ஒரு பெண் டொக்டர், கிளினிக் மண்டபத்தில் வகுப்பெடுத்தார். ஆட்கடத்தலில் சிக்கியவர்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பராமரிப்பது என்பது தலைப்பு. நான் தேநீரும் பணிஸும் கொண்டு போனேன். ஆட்கடத்தல் என்றால் வள்ளத்தில் ஏற்றிக் கடல் கடத்துவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஏமாற்றிக் கொண்டுவந்து, மிரட்டி வேலை வாங்கி, போகவிடாமல் வைத்திருப்பதும் அதுதான், எல்லை கடக்கத் தேவையில்லை என்றார் அவர். பிறகு மாணவர்களிடம் கேட்டார்:

“நோயாளிக்குப் பதிலா ஆர் கதைக்கினம்? அடையாள அட்டை ஆரின்ர கையில இருக்கு? பழைய காயத்துக்குப் பக்கத்தில புதுக் காயம் இருக்கா? சொன்ன நாளுக்குக் கூட்டி வாறினமா?”

தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் நாட்குறிப்பைத் திறந்தேன். நான்கு பதிவுகள் இருந்தன. “வலது கை, உப்புப் புண். கவனமில்லாமல் வெட்டியதாகக் கூட வந்தவர் சொன்னார்.” “அதே கை, புதிய வெட்டு. கூட வந்தவர் சொன்னார்.” “நான்கு நாள் பிந்தி வந்தார். வேலை அதிகம் எனக் கூட வந்தவர் சொன்னார்.” நான்காவதின் கீழே, நத்தாருக்காகக் கூட வந்தவர் கட்டாக் கருவாடு ஒரு பொதி தந்தார் என்றும் எழுதியிருந்தேன். அதை எந்தக் கை வெட்டியிருக்கும் என்று நான் யோசித்ததில்லை. மலரின் அடையாள அட்டை முதலாளி மனைவியின் கைப்பையில் இருந்ததும் நினைவுக்கு வந்தது. நான்கு பதிவுகளிலும் மலர் சொன்ன ஒரு வார்த்தையும் இல்லை.

நான்காவது பதிவில் குறித்த நாள் தாண்டி வாரங்களாகியிருந்தன. அவள் வரவில்லை.

மறுநாள் காலை விரிவுரையாளரிடம் சொன்னேன். பங்குத்தந்தையையும் கூட்டிக்கொண்டு வாடிக்கே போகிறேன் என்றேன்.

“வேண்டாம் மிஸ். நீங்கள் போனா அவவை வேற இடத்துக்கு மாத்திப்போடுவினம். திரும்பி வந்தா தனிய ஒரு பத்து நிமிஷம் எடுங்கோ. என்ன வேணும் எண்டு அவவைக் கேளுங்கோ. நீங்களா முடிவெடுக்காதேங்கோ.”

“வராவிட்டால்?”



அன்றிலிருந்து தினமும் காலைப் பூசைக்குப் பின் வியாகுல மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் நின்றேன். செபம் ஒன்றே: “ஆண்டவரே, அவளை இன்னொரு முறை அனுப்பும். இம்முறை கேட்பேன்.” முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. என் செபத்துக்கு அருகதை இல்லை என்றே நம்பினேன். அதையும் எழுதி வைத்தேன்.

எட்டாம் நாள் செபத்தின் நடுவே ஒரு கேள்வி எழுந்தது. அவள் இன்றே வந்தால் உன் அறை ஆயத்தமா? இல்லை. கதிரை உள்ளே இருந்தது. அன்று காலையே அதைத் தூக்கி விறாந்தையில் போட்டேன். எல்லோருக்கும் ஒரே விதி: நோயாளி மட்டும் உள்ளே வர வேண்டும். ஒருத்திக்கு மட்டும் செய்தால் சந்தேகம் வரும்.

ஊர் சும்மா இருக்கவில்லை. சீனி வருத்தத்தால் காலில் புண் வந்த கணவரைக் கூட்டி வரும் ஒரு முஸ்லிம் ராத்தா முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

“மிஸ், கதிரைக்கி என்ன வருத்தம்? வெளிய போட்டிரிக்கீங்க.”

“எல்லாருக்கும் இனி இப்படித்தான் ராத்தா.”

“அவருக்கு வாயே இல்ல மிஸ். நாப்பது வரிசமா நான்தானே கதைக்கிற.”

வாயில்லாத அந்த மனிதர் உள்ளே கால் மணித்தியாலம் கதைத்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “தேத்தண்ணிக்கிச் சீனி போட வாணாமெண்டு அவக்கிட்ட நீங்களே சொல்லுங்க மிஸ்” என்றார்.

மலர் வந்தது தவக்காலத்தின் மூன்றாம் புதன்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. காய்ச்சலும் இருந்தது. முதலாளியின் மனைவி வழமைபோல முன்னால் நுழைந்தார்.

“நோயாளி மட்டும்” என்றேன்.

“இவளுக்குக் கதைக்க வராது மிஸ். நான் சொல்லாட்டி உங்களுக்கு ஒண்டும் விளங்காது.”

கதவைப் பிடித்தபடியே வாசலில் நின்றேன். அப்போது விறாந்தையில் இருந்து அந்த ராத்தாவின் குரல் கேட்டது.

“நீங்க என்ன பெரிய ஆளா? எங்களயும் வெளியதான் இருத்தி வச்சிரிக்கி. மிஸ்ஸுக்கு இப்ப கதிரையோட கோவம். வாங்க தங்கச்சி, இதுல இரிங்க.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளியின் மனைவியும் சிரித்துக்கொண்டே போய் இருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

உள்ளே என்னுடன் தர்ஷினி என்ற மாணவி இருந்தாள். நான் ஆயத்தப்படுத்திய கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தன. தர்ஷினி முந்திக்கொண்டாள். மலரை இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

“நீங்க ஒண்டும் சொல்லாட்டியும் கையை வடிவா கட்டி விடுவம். சொல்ல விருப்பம் எண்டா சொல்லலாம். உங்களைக் கேக்காம ஆரிட்டயும் சொல்ல மாட்டம்.”

மலர் தண்ணீரைக் குடித்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: “மிஸ், இன்னைக்கு என்ன தேதி?”

சொன்னேன்.

“அப்ப பொங்கல் முடிஞ்சிருச்சா?”

ஒவ்வொரு நாளையும் எழுதி வைப்பவள் நான். எனக்கு முன்னால் இருந்தவளிடம் நாட்களே இல்லை. ஓம், முடிந்துவிட்டது என்றேன். அப்போதுதான் அழுதாள். அட்டையையும் போனையும் முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்கள் என்றும், போகக் கேட்டால் அடி என்றும் சொன்னாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“அக்காகிட்ட பேசணும். வீட்டுக்குப் போகணும்.”

கையின் நிலைக்கு அவளை வார்டில் அனுமதிப்பது எப்படியும் அவசியமாக இருந்தது. டொக்டர் அப்படியே எழுதினார். அனுமதிக்கும்போது எல்லோரிடமும் கேட்பதுபோல அடையாள அட்டையைக் கேட்டோம். முதலாளியின் மனைவி கைப்பையைத் திறந்து எடுத்துத் தந்தார். மலர் வார்டிலிருந்து அக்காவோடு கதைத்தாள். அவள் சம்மதித்த பிறகே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் அறிவித்தோம். விசாரணை நடக்கிறது, அதுபற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. பதினொரு நாட்களின் பின் அக்கா வந்து கூட்டிப் போனார். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. நான் முதல் தடவையே கேட்டிருந்தால் மடங்கியிருக்கும். இதையும் மறைக்காமல் சாட்சி சொல்கிறேன்.

இப்போது வரும் ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் அரை மணித்தியாலம் நான் பேசுகிறேன். முதலில் அந்த நான்கு பதிவுகளையும் வாசித்துக் காட்டுகிறேன். என் நாட்குறிப்பில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: நோயாளி சொன்னது.

பிரியமானவர்களே, கர்த்தர் அந்தப் பெண்ணை எனக்குத் திருப்பி அனுப்பினார். என்னைக் கேலி செய்த வாயையே எனக்கு உதவியாகவும் வைத்தார். நீங்களும் கேளுங்கள், அவர் தருவார். கேட்டுவிட்டு எழுந்து, அவர் தரப்போவதற்குக் குறுக்கே நீங்கள் போட்டு வைத்திருக்கும் கதிரையை அகற்றுங்கள்.

மலர் மாதத்தில் ஒருமுறை போன் எடுப்பாள். சுகம் விசாரிக்குமுன் அவள் சொல்வது ஒன்றுண்டு.

“மிஸ், இன்னைக்கு வெள்ளிக்கிழமை. தேதி பன்னெண்டு.”

சரியாகத்தான் சொல்கிறாள். ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த வரியை அப்படியே எழுதி வைக்கிறேன்.